சிறு விமானத்தின் பாட்டரி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. தம் சொந்த முயற்சியால், வீட்டுக் கொட்டகையில் சிறு விமானம் ஒன்றைக் கட்டும் ஒருவர், அதன் எஞ்சினைத் துவக்குவதற்கு எத்தகைய பாட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அது. "வீட்டில் விமானம் கட்டுவோர் நம்மில் எத்தனை பேர்?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், பள்ளியிலும் கல்லூரியிலும் பௌதிகம் பயிலும் மாணவ மாணவியர் இதைக் கேட்பதில் பயன் உண்டு. வோல்ட், ஆம்பியர், திருப்புத்திறன், ஈர்ப்பு மையம் என்று தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் சொற்களெல்லாம், இங்கே ஒரு மனிதரின் உயிரைக் காக்கும் சொற்களாக மாறி நிற்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கலை பெரிதும் வளர்ந்திருக்கிறது. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், பால் பொபரெஸ்னி என்பவரின் முயற்சியால், தம் கைகளால் விமானம் கட்டுவோருக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1970 முதல் அதே மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் அச்சங்கத்தார் கோடைதோறும் பெருந்திரளாகக் கூடி வருகின்றனர். இவ்வாறு கட்டப்படும் விமானத்திற்கு அந்நாட்டுச் சட்டம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. விமானத்தின் பெரும் பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ உழைப்போரே செய்திருக்க வேண்டும் என்பது அந்நிபந்தனை. கல்வி என்ற சொல் சட்டத்திலேயே இடம்பெற்றிருப்பதை நான் பெரிதும் போற்றுகிறேன். கட்டுபவர் ஒவ்வோர் உறுப்பையும் ஏன், எதற்கு என்று கேட்டுக் கற்றாக வேண்டும். பாட்டரியும் அதற்கு விலக்கன்று.

முதன்முதலில் விமானம் கட்டிய ரைட் சகோதரர்களும் ஒருவகையில் வீட்டில் கட்டியவர்களே. டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடையே அவர்களுடைய தொழிற்சாலை. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் பறந்தபோது, அவர்களிடமும் பாட்டரி இருந்தது. ஆனால் அது விமானத்தில் ஏறவில்லை! எஞ்சினைத் துவக்குவதற்கு வேண்டிய தீப்பொறியை மட்டும் அந்த உலர் பாட்டரி கொடுத்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதைக் கழற்றித் தரையிலேயே விட்டுவிட்டார்கள். பறக்கும்போது எஞ்சினோடு சேர்ந்து சுழன்ற மாக்னெட்டோ என்னும் கருவி தீப்பொறியைத் தந்தது. ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்கு ஒவ்வொரு கிலோகிராமும் பாரமாயிருந்த காலம் அது.

பின்னர் பல ஆண்டுகள் விமான எஞ்சினைக் கையாலேயே துவக்கினார்கள். ஒருவர் முன்னே நின்று புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறியை இழுத்துச் சுழற்றிவிடுவார். 1931இல் முதன்முதல் பறந்த டைகர் மாத் விமானத்தில்கூட இதுவே வழக்கம். கை தவறினால் கை போகும். கால் இடறினால் உயிரே போகும். மோட்டார் வண்டிகளில் இந்தத் தொல்லையை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின்சாரத் துவக்கி 1912ஆம் ஆண்டின் கேடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. சில விநாடிகளே உழைக்க வேண்டிய மோட்டார் சிறியதாயிருந்தாலும் போதும். அந்தச் சில விநாடிக்கு அதன் அளவை மீறி வேலை வாங்கலாம் என்பதே அவருடைய நுட்பம். காலப்போக்கில் சிறு விமானங்களும் இதை ஏற்றன. அதனால், ரைட் சகோதரர்கள் தரையில் விட்டுச்சென்ற பாட்டரி, விமானத்தோடு வானில் ஏறியது.

இனி, துவக்குதல் என்னும் வேலைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்கிடுவோம். வீட்டில் கட்டப்படும் விமானங்களில் பெரிதும் வழங்கும் லைக்காமிங் எஞ்சின் ஒன்றில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. மொத்தக் கொள்ளளவு 5 லிட்டருக்குச் சற்று மேல். திறன் 150 அல்லது 160 குதிரைத்திறன். இதைச் சுழற்றத் துவக்கு மோட்டார் 200 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வேளையில் பாட்டரியின் மின்னழுத்தம் 10 வோல்ட்டாகத் தாழ்ந்திருந்தால், திறன் 2000 வாட். ஒரு சிறு பெட்டியிலிருந்து இவ்வளவு திறன் எழுவது வியப்பே. ஆனால் எவ்வளவு நேரம்? 5 விநாடி. 200ஐ 5ஆல் பெருக்கினால் 1000 கூலும். ஓர் ஆம்பியர்-மணி என்பது 3600 கூலும். ஆகவே ஒருமுறை துவக்குவதற்குச் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

இந்தக் கணக்கை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். துவக்குதல் பாட்டரியிடம் கேட்பது வேகத்தை, இருப்பை அன்று. நெல் சேமிக்கும் குதிரை எண்ணிப் பாருங்கள். குதிரின் வாய் அகன்றிருந்தால் ஒரே நொடியில் ஒரு மரக்கால் நெல் கொட்டும். ஆனால் உள்ளே எத்தனை கலம் நெல் இருக்கிறது என்பது வேறு செய்தி. ஒரு மரக்கால் கொட்டியதைக் கண்டு, ஆண்டு முழுவதற்கும் நெல் இருக்கிறது என்று எந்தக் குடியானவரும் முடிவு செய்ய மாட்டார். பாட்டரியில் வாயின் அகலத்தைக் குறிப்பது ஆம்பியர். உள்ளிருக்கும் நெல்லைக் குறிப்பது ஆம்பியர்-மணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நேரும் பெரும் பிழை.

உள்ளே இருப்பு எதற்கு? எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி விமானத்திற்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்து, பாட்டரியையும் நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதுவும் மனிதர் செய்த இயந்திரமே. அதன் பட்டை அறுந்து போகலாம். உள்ளே ஒரு கம்பி விட்டுப் போகலாம். அந்தி மயங்கும் நேரத்தில், மேகங்களுக்கிடையே, அருகில் இறங்குதளம் இல்லாதபோது அது நின்றுவிட்டால், அந்த நொடி முதல் விமானத்தின் மின்சாரம் முழுவதும் பாட்டரியின் பொறுப்பாகிறது. வண்டியோட்டுபவராயின் சாலையோரத்தில் நிறுத்தி இறங்கிவிடலாம். வானத்தில் ஓரம் என்று ஒன்று இல்லை.

இங்கே எஞ்சினின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பழைய முறையில் எஞ்சினுக்கு இரண்டு மாக்னெட்டோக்கள் உண்டு. அவை பாட்டரியை எதிர்பாராமல் தாமே தீப்பொறி உண்டாக்கும். அத்தகைய விமானத்தில் பாட்டரி அடியோடு ஓய்ந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரியாவில் செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 என்ற சிறிய எஞ்சினின் கார்புரேட்டர் வகையிலும் தீப்பொறி பாட்டரியை நம்பியிருப்பதில்லை. ஆனால் இக்காலத்தில் பலர், எரிபொருள் சிக்கனம் கருதி, விமானத்தின் மின்சாரத்திலேயே இயங்கும் மின்னணுத் தீப்பொறி அமைப்பையும் எரிபொருள் பம்பையும் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்கும்.

மீண்டும் ஒரு கணக்கு. ஆல்டர்னேட்டர் நின்றபின், திசையும் உயரமும் காட்டும் மின்திரைக்கு 3 ஆம்பியர், வானொலிக்கும் இருப்பிடம் அறிவிக்கும் கருவிக்கும் 2 ஆம்பியர், ஆக 5 ஆம்பியர் தேவை எனக் கொள்வோம். மின்சாரத்தை நம்பிய எஞ்சினாயின், தீப்பொறிக்கு 2, பம்புக்கு 5 எனக் கூட்ட, 12 ஆம்பியர் ஆகிறது. பாட்டரியின் மேல் 16 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. பொதுவாக அந்த எண் 20 மணி நேரம் மெல்ல மெல்லச் செலவிட்டால் கிடைக்கும் அளவு. விரைந்து செலவிட்டால் காரீயப் பாட்டரி அவ்வளவு தராது. ஆகவே 12 ஆம்பியர்-மணியே கைக்கு வரும் என்று கணக்கிடுவது விவேகம். மாக்னெட்டோ விமானத்தில் அது 2 மணி 24 நிமிடம் நிற்கும். மற்றதில் 1 மணி நேரம். பாட்டரி மூப்படைந்து பாதித் திறனை இழந்திருந்தால், முன்னதில் 72 நிமிடம். பின்னதில் வெறும் 30 நிமிடம். பாட்டரி ஒன்றே, எஞ்சின் மாறியதும் அதன் போதுமானமையும் மாறிவிட்டது அன்றோ?

இனி, சந்தையில் கிடைக்கும் இருவகைப் பாட்டரிகளைப் பார்ப்போம். ஒன்று, பிரெஞ்சு நாட்டுப் பிளான்டே 1859இல் கண்ட காரீய-அமிலப் பாட்டரி. காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறு அறைகள் சேர்ந்தால் 12 வோல்ட். விமானத்திற்கு இன்று பெரும்பாலோர் விரும்புவது இதன் மூடிய வகை. அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறிக் கிடப்பதால், விமானம் சாய்ந்தாலும் கவிழ்ந்தாலும் சிந்துவதில்லை. அமிலம் சிந்தினால் அலுமினிய உடலை அரித்துவிடும் ஆதலால் இது பெரிய நன்மை. மற்றொன்று லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பாட்டரி. 1990களில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்னும் அறிஞரின் குழுவினர் இதற்கு அடிகோலினர். லித்திய அயனிப் பாட்டரிகளுக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். இதன் ஓர் அறைக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட், நான்கு அறைகள் போதும்.

எடையில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை. நான் கூறிய 16 ஆம்பியர்-மணி காரீயப் பாட்டரி ஏறத்தாழ 7 கிலோகிராம். அதே எஞ்சினைத் துவக்கவல்ல லித்தியப் பாட்டரி 2 கிலோகிராம் அளவிலேயே கிடைக்கிறது. ரைட் சகோதரர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் மகிழுமுன் இரண்டு செய்திகளை ஆராய வேண்டும்.

முதலாவது, பெயர்ச்சீட்டு. லித்தியப் பாட்டரிகள் சிலவற்றின்மேல் "காரீயத்துக்குச் சமமான ஆம்பியர்-மணி" என்றொரு எண்ணை அச்சிடுவது உண்டு. துவக்கும் ஆற்றலில் அதற்குச் சமம் என்பதே அதன் பொருள். உண்மையான இருப்பு அதில் பாதியோ, அதற்கும் குறைவாகவோ இருக்கக்கூடும். 16 என்று எழுதிய பெட்டிக்குள் 6 மட்டுமே இருந்தால், நாம் முன் போட்ட கணக்குப்படி அது 72 நிமிடமும் 30 நிமிடமுமாகச் சுருங்குகிறது. மூப்படைந்த காரீயப் பாட்டரியின் அளவுதான்! துவக்கு மின்னோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் இவ்வாறே. குளிரில் துவக்கும் ஆம்பியர் என்பதற்கு முறையான அளவு உண்டு. பனிநிலைக்கும் கீழே 18 பாகை செல்ஸியஸ் குளிரில், 30 விநாடி வரை, 7.2 வோல்ட்டுக்குத் தாழாமல் தர வேண்டிய மின்னோட்டம் அது. சிலர் ஓரிரு விநாடி மட்டும் கிடைக்கும் மின்னோட்டத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். விநாடியும் குளிரும் சொல்லாத ஆம்பியர், மாதத்துக்கா ஆண்டுக்கா என்று சொல்லாத வட்டியைப் போன்றது.

இரண்டாவது, ஈர்ப்பு மையம். பாட்டரி விமானத்தின் ஈர்ப்பு மையத்திற்கு 1 மீட்டர் முன்னே இருப்பதாகவும், மொத்த எடை 500 கிலோகிராம் எனவும் கொள்வோம். அங்கே 5 கிலோகிராம் குறைந்தால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் பின்னோக்கி நகரும். இது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் சிறு விமானத்தில் ஈர்ப்பு மையம் உலவுவதற்கு உரிய இடமே சில சென்டிமீட்டர்கள்தாம். பின் இருக்கையில் ஒருவரும், வாலருகே பெட்டியும் ஏறியபின், அந்த 1 சென்டிமீட்டர் எல்லையைத் தாண்டச் செய்துவிடலாம். வால் கனத்த விமானம் மூக்கை உயர்த்தவே முற்படும். வேகம் இழந்து தடுமாறும்போது அதை மீட்பது அரிது. வாலருகே பாட்டரி வைத்த விமானமாயின் விளைவு நேர்மாறாகும். அங்கிருந்து எஞ்சின் வரை நீண்ட செப்புக் கம்பியும் வேண்டும். அதன் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் நான்கு பங்கே ஆயினும், 200 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். ஆகவே பாட்டரியை மாற்றுபவர் விமானத்தை மறுபடி நிறுத்து, கணக்கை மறுபடி போட்டே தீர வேண்டும்.

இருவகையின் குணங்களும் வேறு. காரீயப் பாட்டரி தளரும்போது முன்கூட்டியே அறிவிக்கும், அதன் வோல்ட் படிப்படியாக இறங்கும், விளக்கு மங்கும். லித்தியப் பாட்டரியின் வோல்ட் கடைசிவரை ஏறத்தாழ ஒரே நிலையில் நின்று, பின் திடீரென்று சரியும். அறைகள் கெடாதவாறு காக்க அதனுள்ளே அமைந்த மின்னணுக் காவலன் அப்போது இணைப்பையே துண்டித்துவிடலாம். நிரப்பும் வோல்ட் அளவு மீறினாலும் அந்தக் காவலன் குறுக்கிடும். பாட்டரி திடீரென்று விலகினால், ஆல்டர்னேட்டரின் வோல்ட் எகிறிக் கருவிகளைக் கெடுக்கக்கூடும். ஆதலால் மிகை வோல்ட்டைத் தடுக்கும் சாதனம் கட்டாயம் வேண்டும். பனிநிலைக்குக் கீழே உள்ள குளிரில் லித்தியப் பாட்டரியை நிரப்புவது அதன் உட்புறத்தைக் கெடுக்கும். விஸ்கான்சின் போன்ற இடங்களின் குளிர்காலத்தில் இது சிறு செய்தியன்று. எஞ்சின் அறையின் கொதிப்பும் இருவகைக்கும் ஆகாது. லித்தியத்துக்குப் பின்னும் ஆகாது.

தீ பற்றிய அச்சமும் உண்டு. 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானம் ஒன்றில், துணை எஞ்சினைத் துவக்கும் லித்தியப் பாட்டரி தீப்பற்றியது. அதே மாதம் 16ஆம் நாள் ஜப்பானில் பறந்துகொண்டிருந்த மற்றொன்று, பாட்டரிக் கோளாறினால் தகமட்சுவில் அவசரமாக இறங்கியது. அவ்வகை விமானங்கள் உலகெங்கும் ஏப்ரல் வரை பறக்காமல் நிறுத்தப்பட்டன. பின்னர் பாட்டரியை எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, புகை வெளியேறக் குழாய் வைத்தனர். அவற்றில் இருந்தது கோபால்ட் கலந்த வேறு வகை. இரும்பு-பாஸ்பேட் வகை அதைக் காட்டிலும் வெப்பத்தைத் தாங்கவல்லது. ஆயினும் அதனுள் உள்ள திரவமும் எரியக்கூடியதே. புகை விமானிக்கு வராமல் வெளியே செல்லும் குழாயும், உறுதியான பெட்டியும் அதற்கும் வேண்டும்.

ஆக, தேர்ந்தெடுக்கும் முறை என்ன? கடைக்காரரின் பட்டியலைத் திறக்குமுன் கட்டுபவர் ஒரு தாளில் எழுதட்டும். என் எஞ்சின் மின்சாரம் இன்றி ஓடுமா? ஆல்டர்னேட்டர் நின்றால் எவை எவை இயங்கியாக வேண்டும்? அவற்றுக்கு எத்தனை ஆம்பியர்? நான் பறக்கும் வழியில், இறங்குதளத்தை அடைய மிகுதியாக எத்தனை நிமிடம் ஆகும்? ஆம்பியரையும் நேரத்தையும் பெருக்கி, மூப்புக்கும் குளிருக்கும் தாராளமாகக் கூட்டினால் வேண்டிய இருப்பு தெரியும். அதற்குப் பின்னரே துவக்கும் ஆம்பியரையும், எடையையும், இடத்தையும், விலையையும் பார்க்க வேண்டும். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, எஞ்சின் சுழன்றதும் தேர்வு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள்.

தேர்ந்தெடுத்தபின்னும் கடமை முடிவதில்லை. எஞ்சின் ஒவ்வொரு நாளும் உடனே துவங்குகிறது. ஆகவே பாட்டரி நலமாயிருக்கிறது என்று கருதுவது தவறு. துவக்கச் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்கு என்று கண்டோம். பன்னிரண்டில் எட்டை இழந்த பாட்டரியும் வெயில் நாளில் எஞ்சினைத் துவக்கிவிடக்கூடும். அது இழந்தது எவ்வளவு என்பது, ஆல்டர்னேட்டர் நின்ற நாளில்தான் தெரியவரும். இதைத் தரையிலேயே அறிய எளிய சோதனை உண்டு. பாட்டரியை முழுதும் நிரப்பி, 60 வாட் மோட்டார் விளக்கு ஒன்றை இணைத்தால், ஏறத்தாழ 5 ஆம்பியர் ஓடும். காரீயப் பாட்டரியாயின் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறிக்க வேண்டும். லித்தியமாயின் செய்தவர் விதித்த எல்லை வரை. புதிதில் ஒருமுறையும், பின் ஆண்டுக்கொருமுறையும் இதைச் செய்து, நேரம் புதிதில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், துவக்கும் ஆற்றல் குறையாதிருந்தாலும் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. வீட்டில் உள்ள மோட்டார் சைக்கிளின் பாட்டரியைப் பெரியவர் ஒருவரின் துணையோடு பாருங்கள். இரு முனைகளையும் உலோகத்தால் ஒருசேரத் தொட்டுவிடாதீர்கள். அதன்மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கும். முன்விளக்கு எத்தனை வாட் என்று கேட்டறியுங்கள். எஞ்சின் ஓடாதபோது அவ்விளக்கு எத்தனை நிமிடம் எரியும் என்று தாளில் கணக்கிடுங்கள். பிறகு அந்தப் பாட்டரிக்கு வயது எத்தனை என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய விடையில் எவ்வளவைக் கழிக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது உங்கள் உள்ளத்தில் எழும். அந்தக் கேள்வி எழுந்தால், இன்று நான் பேசியதன் பயன் கிடைத்துவிட்டது.